வலைச் சட்டகங்களின் புதிய பதிப்புகளும் சோதனைக் கருவிகளும்

ஒரு வலைத்தளம் சரியாக இயங்குகிறதா என்பதை மனிதருக்குப் பதிலாகத் தானே சரிபார்க்கும் நிரல், தானியங்கிச் சோதனைக் கருவி எனப்படும். வலைத்தளத்தைக் கட்டுவதற்கு அடிப்படையாகப் பயன்படும் ஆயத்த நிரல் தொகுப்பு, வலைச் சட்டகம் எனப்படும். பணியிடங்களில் இவை டெஸ்டிங் டூல், பிரேம்வொர்க் என்றே வழங்குகின்றன. சட்டகம் புதிய பதிப்புக்கு மாறும்போது சோதனைக் கருவியும் அதற்கேற்ப மாற வேண்டும். மாறாவிட்டால் கருவி பயனற்றுப் போகும். சில வேளைகளில் தளமே பழைய பதிப்பில் தேங்கிவிடும். இந்த இணக்கத்தைப் பேணுவதற்கு 2004ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் பலர் மென்பொருள் துறைக்குச் செல்கின்றனர். 1990இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் டெக்னோபார்க் நாகர்கோவிலுக்கு அண்மையிலேயே உள்ளது. சென்னை, பெங்களூரு நகரங்களுக்குச் செல்வோரும் உண்டு. புதிதாகச் சேர்பவர்கள் பலருக்கு முதல் பணி சோதனைப் பிரிவில் அமைகிறது. அவர்கள் பாடுபட்டுக் கற்ற ஒரு கருவி சில ஆண்டுகளில் ஏன் கைவிடப்படுகிறது, மற்றொன்று ஏன் நிலைத்து நிற்கிறது என்பதை இவ்வரலாறு தெளிவாக்கும்.

அடிப்படைச் செய்திகள்

இன்று பெரிதும் வழங்கும் வலைச் சட்டகங்கள் மூன்று: கூகுளின் ஆங்குலர், பேஸ்புக் (இன்றைய மெட்டா) உருவாக்கிய ரியாக்ட், இவான் யூ உருவாக்கிய வியூ. இவற்றுள் ரியாக்ட் தன்னை நிரலகம் என்றே கூறிக்கொண்டாலும், நடைமுறையில் சட்டகங்களோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

ஒவ்வொரு பதிப்புக்கும் பொதுவாக மூன்று பகுதி கொண்ட எண் உண்டு. 16.8.0 என்பதை எடுத்துக்கொண்டால், கடைசி எண் பிழைத்திருத்தத்தைக் குறிக்கும். நடு எண் புதிய வசதியைக் குறிக்கும். முதல் எண் பெரிய மாற்றத்தைக் குறிக்கும். முதல் எண் மாறினால், பழைய பதிப்பை நம்பி எழுதிய நிரல் வேலை செய்யாமல் போகலாம் என்பது எச்சரிக்கை. ஆங்குலர் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதல் எண்ணை மாற்றுகிறது. உலாவிகள் இன்னும் விரைவானவை. 2021 செப்டம்பரில் வெளிவந்த 94ஆம் பதிப்பு முதல் குரோம் உலாவி நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடத் தொடங்கியது.

சோதனைக் கருவி செய்யும் வேலைகள் நான்கு. பக்கத்தில் உள்ள பொத்தான், பெட்டி போன்ற உறுப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை அழுத்தவோ நிரப்பவோ வேண்டும். பக்கம் மாறி முடியும்வரை காத்திருக்க வேண்டும். வந்த விளைவு சரிதானா என்று பார்க்க வேண்டும். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதுமே பதிப்பு மாற்றத்தால் பெரிதும் பாதிக்கப்படுபவை.

ஒரு பள்ளி எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஒரு மாணவனை வருகைப் பதிவேட்டு எண்ணால் அழைக்கலாம், பெயராலும் அழைக்கலாம். அடுத்த ஆண்டு வகுப்பு மாறும்போது எண் மாறிவிடும், பெயர் மாறாது. சட்டகம் தன் உள்வசதிக்காக ஓர் உறுப்புக்கு இடும் அடையாளம் பதிவேட்டு எண் போன்றது. பயனர் கண்ணுக்குத் தெரியும் 'பதிவு செய்' என்ற எழுத்து பெயர் போன்றது. எதை நம்பி ஒரு கருவி கட்டப்பட்டதோ, அதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைந்தது.

செலினியத்தின் தோற்றம்

2004இல் சிகாகோ நகரில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ், அலுவலக நேரக் கணக்கும் செலவுக் கணக்கும் பதியும் உள்செயலி ஒன்றைச் சோதிக்க ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கருவியை எழுதினார். அதுவே செலினியம். அக்காலத்தில் சோதனைக் கருவிச் சந்தையில் பெயர்பெற்றிருந்த நிறுவனம் மெர்குரி இன்டராக்டிவ். மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நச்சுக்குச் செலினியம் முறிவு என்ற கருத்தை வைத்து வேடிக்கையாக இடப்பட்ட பெயர் இது.

ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தைத் தொடக்கூடாது என்பது உலாவிகளின் பாதுகாப்பு விதி. உலாவிக்குள்ளேயே இயங்கிய செலினியத்துக்கு இவ்விதி தடையாக இருந்தது. இடையில் ஒரு பதிலாள் வழங்கியை நிறுத்தி இத்தடையைக் கடக்கும் வழியைப் பால் ஹம்மன்ட் உருவாக்கினார். இது செலினியம் ஆர்சி எனப்பட்டது. அதே காலத்தில் ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா கசதானி, பயர்பாக்ஸ் உலாவியில் செய்யும் செயல்களைப் பதிவுசெய்து மீண்டும் இயக்கிக் காட்டும் செலினியம் ஐடிஇ என்ற நீட்சியை அளித்தார். நிரல் எழுதத் தெரியாதவரும் சோதனை செய்ய இது வழிவகுத்தது.

சைமன் ஸ்டூவர்ட் வேறொரு பாதையில் சென்றார். உலாவிக்குள் நிரலைச் செலுத்தாமல், உலாவியை வெளியிலிருந்தே இயக்கும் வெப்டிரைவர் என்ற முறையை அவர் உருவாக்கினார். இரு திட்டங்களும் இணைந்து 2011 ஜூலையில் செலினியம் 2.0 வெளிவந்தது.

உலாவி மாற்றமும் பொதுத் தரமும்

வெப்டிரைவர் தொடக்கத்தில் ஒவ்வோர் உலாவிக்கும் தனித்தனிச் செலுத்தியைச் செலினியம் குழுவினரே எழுத வேண்டிய நிலையில் இருந்தது. பயர்பாக்ஸுக்கான செலுத்தி, உலாவியின் நீட்சியாக அமைந்திருந்தது. 2016 ஆகஸ்டில் வெளிவந்த பயர்பாக்ஸ் 48இல் நீட்சிகளுக்கான பாதுகாப்பு விதி இறுக்கப்பட்டது. பழைய செலுத்தி இயங்கவில்லை. மொசில்லா எழுதிய கெக்கோடிரைவர் என்ற புதிய செலுத்திக்கு அனைவரும் மாற வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பயர்பாக்ஸ் 55 வெளியானபோது செலினியம் ஐடிஇயும் நின்றது. உலாவியின் நீட்சி முறை மாறியது ஒரு காரணம். புதிய முறைக்கு ஏற்பக் கருவியைத் திருத்தி எழுதப் போதிய பராமரிப்பாளர்கள் இல்லாதது மற்றொரு காரணம். பின்னர் அது முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது.

இந்தத் தொல்லைக்கு நிலையான தீர்வு, பொதுத் தரமாக வந்தது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 ஜூன் 5 அன்று வெப்டிரைவரைத் தன் பரிந்துரைத் தரமாக ஏற்றது. அதன்பின் உலாவிக்கான செலுத்தியை உருவாக்குவதும், புதிய பதிப்பு வரும்போது அதைத் திருத்துவதும் உலாவி நிறுவனங்களின் பணியாயின. சில தன்னார்வலர்களின் தோளில் இருந்த சுமை, மாற்றத்தைச் செய்பவர்களிடமே போய்ச் சேர்ந்தது. இவ்வரலாற்றில் இது முக்கியமான திருப்பம்.

ஆனால் ஒரு சிறு சிக்கல் எஞ்சியது. குரோம் உலாவி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதன் செலுத்தி அவ்வாறு செய்யாது. முந்தைய நாள் மாலை ஓடிய சோதனை மறுநாள் காலை உலாவியைத் திறக்கவே மறுக்கும். நிரலில் பிழை தேடி நேரத்தைச் செலவிட்ட புதியவர்கள் ஏராளம். 2022 நவம்பரில் வெளிவந்த செலினியம் 4.6, பொருத்தமான செலுத்தியைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது.

புரோட்ராக்டர்

உலாவிச் சிக்கல் இவ்வாறு தணிந்தபோதும் சட்டகச் சிக்கல் தணியவில்லை. அதற்கு முதல் சான்று புரோட்ராக்டர். ஆங்குலர்ஜேஎஸ் என்ற பழைய சட்டகத்தில் கட்டிய தளங்களைச் சோதிப்பதற்காக 2013இல் கூகுள் இதை வெளியிட்டது. இது வெப்டிரைவரின் மேல் கட்டப்பட்டது.

சட்டகத்தின் உள்ளமைப்பை அறிந்திருந்ததே இதன் சிறப்பு. சட்டகம் தன் வேலையை முடித்துவிட்டதா என்று அதனிடமே கேட்டு, முடிந்த பிறகே அடுத்த படிக்குச் செல்லும். ஆகவே 'ஐந்து நொடி காத்திரு' என்று சோதனையாளர் எழுத வேண்டியதில்லை. ஆங்குலர்ஜேஎஸ் பயன்படுத்தும் மாதிரிப் பெயர், பிணைப்புப் பெயர் ஆகியவற்றைக் கொண்டே உறுப்புகளைத் தேடவும் முடிந்தது.

2016 செப்டம்பர் 14 அன்று ஆங்குலர் 2 வெளியானது. பெயர் தொடர்ந்தாலும் சட்டகம் அடியோடு புதிதாக எழுதப்பட்டிருந்தது. மாதிரிப் பெயர், பிணைப்புப் பெயர் வழியாகத் தேடும் முறைகள் அதில் செல்லுபடியாகவில்லை. அவற்றை நம்பி எழுதிய சோதனைகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. காத்திருக்கும் வசதி புதிய சட்டகத்துக்கேற்ப மாற்றி அமைக்கப்பட்டது.

இரண்டாவது அடி வேறு திசையிலிருந்து வந்தது. கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவதற்குச் செலினியத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தில் இருந்த ஓர் ஏற்பாட்டை புரோட்ராக்டர் சார்ந்திருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியே அதே வேலைக்கு எளிய வழியைத் தந்த பிறகு, செலினியம் அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. மேலே சட்டகம் மாறியது. கீழே அடித்தளம் மாறியது. இடையில் இருந்த கருவி நெருக்கப்பட்டது.

2021இல் புரோட்ராக்டரைக் கைவிடும் முடிவை ஆங்குலர் குழு அறிவித்தது. அவ்வாண்டு மே மாதம் வெளியான ஆங்குலர் 12இல், புதிய திட்டங்களுடன் புரோட்ராக்டரைச் சேர்த்துத் தரும் வழக்கம் நின்றது. 2023இல் கருவியின் ஆதரவு முற்றிலும் முடிவுக்கு வந்தது. சட்டகத்தை உருவாக்கிய நிறுவனமே உருவாக்கிய கருவியின் ஆயுள் பத்தாண்டு மட்டுமே.

என்சைம்

ரியாக்டின் வரலாற்றிலும் இதே போன்ற நிகழ்வு உண்டு. 2015இல் ஏர்பிஎன்பி நிறுவனம் என்சைம் என்ற சோதனைக் கருவியை வெளியிட்டது. ரியாக்டில் பக்கத்தின் ஒவ்வொரு கூறும் தனித்தனியே எழுதப்படும். ஒரு கூறின் உள்நிலையில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதை என்சைம் எட்டிப்பார்த்துச் சொல்லும். உள்ளிருக்கும் சிறு கூறுகளைத் தவிர்த்து, மேலோட்டமாக ஒரு கூறை மட்டும் வரைந்து பார்க்கவும் அதில் வழி இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது பரவலாக வழங்கியது.

2017 செப்டம்பரில் ரியாக்ட் 16 வெளிவந்தது. அதன் உள்ளியக்கம் முழுவதும் மாற்றப்பட்டிருந்தது. அதை எதிர்கொள்ள என்சைம் 3, 'அடாப்டர்' என்ற இணைப்பி முறையைக் கொண்டுவந்தது. பல நாட்டு மின்செருகிகளுக்கு ஒரே கருவியைப் பயன்படுத்த இடையில் வேறு வேறு இணைப்பி பொருத்துவது போன்றது இது. கருவி ஒன்றே, ரியாக்டின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஓர் இணைப்பி. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இணைப்பியை எழுத ஒருவர் முன்வர வேண்டும்.

2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 'ஹுக்ஸ்' என்ற புதிய எழுத்துமுறையை அறிமுகப்படுத்தியது. மேலோட்டமாக வரைந்து பார்க்கும் முறையில் இதன் சில பகுதிகள் இயங்கவே இல்லை. 2020 அக்டோபர் 20 அன்று ரியாக்ட் 17 வந்தது. அதற்கு அதிகாரபூர்வ இணைப்பி வரவில்லை. வோய்ச்செக் மாய் என்ற நிரலாளர் தாமே ஓர் இணைப்பியை எழுதி வெளியிட்டார். பல நிறுவனங்கள் அந்தத் தனிமனிதரின் உழைப்பை நம்பியே பதிப்பு மாறின. 2022 மார்ச் 29 அன்று ரியாக்ட் 18 வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, உள்ளமைப்பு மிகவும் மாறிவிட்டதால் இதற்கு இணைப்பி எழுத முடியாது என்று அவர் தெரிவித்துவிட்டார். அத்துடன் என்சைமின் பாதை அடைபட்டது.

விளைவை ஏர்பிஎன்பியே சந்தித்தது. ஏறத்தாழ 3,500 சோதனைக் கோப்புகளை அந்நிறுவனம் வேறு கருவிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கையால் செய்தால் ஒன்றரை ஆண்டு ஆகும் என்று மதிப்பிட்ட அவ்வேலை, 2024இல் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளின் துணையுடன் ஆறு வாரத்தில் முடிந்தது. அத்தகைய வசதி இல்லாத சிறு குழுக்கள் இன்றும் பழைய பதிப்பில் இருக்க நேர்கிறது.

பயனர் பார்வையில் சோதித்தல்

என்சைமுக்கு மாற்றாக 2018இல் கென்ட் சி. டாட்ஸ் ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரியை உருவாக்கினார். கூறின் உள்நிலையை இது எட்டிப்பார்ப்பதில்லை. பக்கத்தில் பயனர் காணும் எழுத்து, பெட்டிக்கு மேலுள்ள பெயர், பொத்தானின் பணி ஆகியவற்றைக் கொண்டே உறுப்பைத் தேடுகிறது. ரியாக்ட் 18 வந்தபோது இதுவும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் திருத்தத்தின் பெரும்பகுதி கருவிக்குள்ளேயே முடிந்தது. பயன்படுத்தியவர்கள் தங்கள் சோதனைகளை முற்றிலும் எழுதிமுடிக்க வேண்டிய நிலை வரவில்லை.

2020இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பிளேரைட் கருவியும் உறுப்பின் பணியையும் பெயரையும் கொண்டு தேடுவதையே பரிந்துரைக்கிறது. இம்முறையால் மற்றொரு நன்மையும் உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் மென்பொருளும் அதே பணியையும் பெயரையுமே படித்துக் காட்டுகிறது. எனவே பெயரில்லாத பொத்தானைச் சோதனைக் கருவி கண்டுபிடிக்காவிட்டால், பார்வையற்ற பயனரும் அதைக் கண்டுபிடிக்க இயலாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்தியாவில்

இத்துறையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. பெங்களூருவில் நாராயண் ராமன் உருவாக்கிய சஹி என்ற திறந்த மூலக் கருவி 2005 முதல் வழங்கியது. பக்கம் மாறி முடியும்வரை தானே காத்திருப்பதும், 'இந்தப் பெயருக்கு அருகில் உள்ள பெட்டி' என்று அண்மையைக் கொண்டு உறுப்பைத் தேடுவதும் இதன் சிறப்புகள். 2021 அக்டோபரில் வந்த செலினியம் 4இலும், மேலே, கீழே, அருகில் என்று தேடும் முறை இடம்பெற்றது. சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பழைய பெயரில் இருந்த காலத்திலேயே கியூஎஞ்சின் என்ற வலைச் சோதனைக் கருவியை வெளியிட்டிருந்தது. மும்பையில் 2011இல் தொடங்கப்பட்ட பிரவுசர்ஸ்டாக், ஒரே தளத்தைப் பல உலாவிகளிலும் பல பதிப்புகளிலும் சோதிக்கும் சேவையை உலகெங்கும் வழங்குகிறது.

இணக்கம் குலைந்தால் நேர்வன

சோதனைக் கருவி பின்தங்கும்போது மூன்று தீமைகள் விளைகின்றன.

முதலாவது, தேக்கம். சோதனைகள் இயங்காது என்ற அச்சத்தால் தளமும் பழைய சட்டகத்திலேயே நிற்கிறது. ஆங்குலர்ஜேஎஸ் சட்டகத்துக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு அதன் குழுவிடமிருந்து திருத்தம் வராது. அத்தகைய தளத்தில் பணம் செலுத்துபவருக்கும் விண்ணப்பம் பதிபவருக்கும் இது தெரியப்போவதில்லை.

இரண்டாவது, சோதனைகளை நிறுத்திவைத்தல். 'பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று ஒதுக்கிய சோதனைகள் பெரும்பாலும் மீண்டும் இயக்கப்படுவதில்லை.

மூன்றாவது, பொய்யான வெற்றி. கூறின் உள்நிலையை மட்டும் பார்க்கும் சோதனை, பயனருக்குப் பொத்தான் தெரியாதபோதும் பச்சைக் குறி காட்டக்கூடும். தேர்வு நடத்தாமலே மதிப்பெண் இடுவதைப் போன்றது இது. தோல்வியைக் காட்டும் சோதனையைவிட இதுவே கேடு மிகுந்தது.

பராமரிப்பின் மதிப்பு

நாஞ்சில் நாட்டு வேளாண்மையிலிருந்து ஓர் ஒப்புமை கூறலாம். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையையும், அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினையும் இம்மாவட்டத்தில் பலரும் அறிவர். ஆனால் அணையில் நீர் நிறைந்திருப்பதால் மட்டும் கடைமடை வயலில் கன்னிப்பூ விளைந்துவிடாது. கால்வாயைத் தூர்வார வேண்டும். உடைந்த மடையைச் சீராக்க வேண்டும். கரையில் வளர்ந்த செடிகளை வெட்ட வேண்டும். இதை ஒருமுறை செய்தால் போதாது. அடுத்த சாகுபடிக்கு முன்னும் செய்ய வேண்டும். அவ்வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படுவதில்லை. செய்யாத ஆண்டில் மட்டும் அவர்கள் நினைவுக்கு வருவர்.

சோதனைக் கருவிகளின் நிலையும் இதுவே. கருவியை உருவாக்கியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதை ஏற்றவாறு திருத்தியவர்களின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. என்சைம் நின்றதற்கு அதன் தரக்குறைவு காரணம் அன்று. உள்ளமைப்பைச் சார்ந்து கட்டப்பட்டதால் பராமரிப்புச் சுமை மிகுந்ததும், அச்சுமையைத் தாங்கியவர்கள் மிகச் சிலராக இருந்ததுமே காரணங்கள். செலினியம் இருபது ஆண்டுகளைக் கடந்தும் நிற்பதற்கு, அச்சுமை பொதுத் தரத்தின் வழியாகப் பலருக்கும் பகிரப்பட்டதே முதன்மைக் காரணம்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

சோதனைத் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் கடைசிப் பதிப்பு எப்போது வெளிவந்தது, பராமரிப்பவர்கள் எத்தனை பேர், அது பொதுத் தரத்தைச் சார்ந்ததா ஒரே சட்டகத்தின் உள்ளமைப்பைச் சார்ந்ததா என்று பார்க்க வேண்டும். சட்டகத்தின் புதிய பதிப்புக்கு மாறும்போது பல பதிப்புகளை ஒரே தாவலில் கடக்காமல், ஒவ்வொரு பெரிய பதிப்பாகச் சென்று, ஒவ்வொரு படியிலும் எல்லாச் சோதனைகளையும் இயக்கிப் பார்க்க வேண்டும். விரைவில் நீக்கப்படவுள்ள வசதிகளைப் பற்றி நிரல் காட்டும் எச்சரிக்கைகளைப் புறக்கணிக்கக் கூடாது. அடுத்த பதிப்பில் வரப்போகும் தடையின் முன்னறிவிப்பு அவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியின் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்யாமல், சோதனையின் நோக்கத்தைக் கற்பது நன்று. புரோட்ராக்டர் மட்டுமே தெரிந்தவருக்கு 2023க்குப் பின் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. எதைச் சோதிக்க வேண்டும், எதை நம்பி உறுப்பைத் தேட வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சிந்திக்கப் பழகியவர், அடுத்த கருவியைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டார். திறந்த மூலக் கருவிகளில் பிழை கண்டால் அதை முறையாக எழுதித் தெரிவிப்பதும், இயன்றால் திருத்தம் அனுப்புவதும் மாணவர்களுக்கும் இயலும் பணிகளே. தாம் நீர் பாய்ச்சும் கால்வாயில் ஒரு கூடை மண் எடுப்பதற்கு ஒப்பானது அது.